அம்மா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?
வான்வழித் தூரமும் பயண நேரமும் பற்றிய ஒரு பாடம்



நாம் லயங்களுக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டுபாய் எவ்வளவு தூரம் சேர்? கொழும்பை விடத் தூரமா?" என்று கேட்பார்கள். அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளை கேட்கும் கேள்வி இது. "ரொம்பத் தூரம்பா" என்று சொல்லிவிட்டு நாமும் நடந்துவிடுகிறோம். வீட்டில் இருக்கும் பாட்டியும் அதையேதான் சொல்கிறார். ஆனால் 'ரொம்பத் தூரம்' என்பது ஒரு கணக்கு ஆகாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் 'ரொம்பக் கொழுந்து' என்று யாராவது எழுதினால் நாம் ஒத்துக்கொள்வோமா? எத்தனை கிலோ என்றுதானே கேட்போம்?

ஆகவே இந்த இதழில் அந்தப் பிள்ளையின் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடுவோம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து டுபாய் நகரம் எத்தனை கிலோமீற்றர், போக எத்தனை மணி நேரம், இங்கே எட்டு மணி என்றால் அங்கே எத்தனை மணி என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. டிக்கட்டில் உள்ள நேரத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளாததால் பயணத்தைத் தவறவிட்ட குடும்பம் நமது வட்டாரத்திலேயே உண்டு. தூரம் பிழையாக நிதானிக்கப்பட்டதால் நமது மலையிலேயே 191 உயிர்கள் போன கதையும் உண்டு. இரண்டையும் கீழே சொல்லுவோம்.

1. தூரத்தில் இரண்டு வகை

ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் இடையில் இரண்டு வகைத் தூரம் இருக்கிறது. ஒன்று பாதைத் தூரம். மற்றது நேர்கோட்டுத் தூரம். அதாவது காகம் பறக்கும் தூரம்.

மஸ்கெலியாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் போவதாக வைத்துக்கொள்வோம். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கிப் போகவேண்டும். பாதைத் தூரம் சுமார் 150 கிலோமீற்றர். ஆனால் இலங்கைப் படத்தில் அடிமட்டத்தை வைத்து இந்த இரண்டு இடங்களையும் நேராக அளந்தால் சுமார் 85 கிலோமீற்றர்தான் வரும். மீதித் தூரம் முழுவதும் மலையைச் சுற்றுவதிலும் வளைவுகளிலும் போகிறது.

வானத்தில் மலையும் இல்லை, வளைவும் இல்லை. அதனால் விமானத் தூரத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் நேர்வழித் தூரத்தையே சொல்வார்கள். ஆனால் பூமி உருண்டை என்பதை மறக்கக் கூடாது. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பந்தையோ தோடம்பழத்தையோ எடுத்து அதன் மேல் பேனையால் இரண்டு புள்ளிகள் வையுங்கள். ஒரு நூலை இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் இறுக்கிப் பிடியுங்கள். நூல் எந்த வழியில் படிகிறதோ அதுதான் உருண்டையின் மேல் உள்ள மிகக் குறுகிய வழி. உலகப் படத்தைத் தட்டையான கடதாசியில் அச்சடிக்கும்போது அதே வழி சற்று வளைந்தாற்போல் தெரியும். "விமானம் ஏன் வளைந்து போகிறது?" என்று சில பிள்ளைகள் கேட்பதற்கு இதுவே பதில். வளைந்திருப்பது கடதாசியில் உள்ள கோடுதான்.

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய்க்கு இப்படி நூல் பிடித்தால் அது வடமேற்குப் பக்கமாகப் போகும். மன்னார்க் குடா, தென்னிந்தியாவின் தென்கோடி, அரபிக் கடல், ஓமான் நாடு ஆகியவற்றைக் கடந்து டுபாயைத் தொடும்.

கட்டுநாயக்கவிலிருந்து சில நகரங்களுக்கு உள்ள நேர்வழித் தூரம் (ஏறத்தாழ):

சென்னை – 650 கி.மீ.
டுபாய் – 3,300 கி.மீ.
டோஹா (கட்டார்) – 3,600 கி.மீ.
ரியாத் (சவூதி அரேபியா) – 4,050 கி.மீ.
குவைத் – 4,150 கி.மீ.
ஜித்தா (சவூதி அரேபியா) – 4,650 கி.மீ.

ஆகவே டுபாய், கட்டுநாயக்கவிலிருந்து சென்னையைப் போல ஐந்து மடங்கு தூரம். இலங்கைத் தீவின் வடமுனையிலிருந்து தென்முனை வரை சுமார் 435 கிலோமீற்றர். அப்படி ஏழெட்டு இலங்கைகளை வரிசையாக வைத்தால் டுபாய் வரும். பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்.

2. வேகமும் நேரமும்

தூரத்தை வேகத்தால் பிரித்தால் நேரம் வரும். இது ஆறாம் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கணக்கு.

பெரிய பயணிகள் விமானம் உயரத்துக்கு ஏறிய பிறகு மணிக்குச் சுமார் 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். 850 என்றே வைத்துக்கொள்வோம். அதை 60 ஆல் பிரித்தால், ஒரு நிமிடத்துக்கு 14 கிலோமீற்றர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

3,300 ஐ 850 ஆல் பிரித்தால் 3.9 வரும். அதாவது நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் டிக்கட்டில் பார்த்தால் நாலரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரை காட்டும். மீதி நேரம் எங்கே போகிறது?

ஸ்டோருக்குக் கொழுந்து கொண்டு போகும் லொறியை நினைத்துப் பாருங்கள். பாதை இருபது நிமிடம்தான். ஆனால் மூட்டை ஏற்ற, கேட்டில் நிற்க, இறக்க என்று எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிடும். விமானமும் அப்படியே. கதவை மூடிய பிறகு ஓடுபாதை வரை மெதுவாக ஊர்ந்து போகவேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் இராது. இறங்கும் இடத்தில் நெரிசல் இருந்தால் வானத்திலேயே சுற்றிக்கொண்டு முறைக்குக் காத்திருக்கவும் நேரும். டிக்கட்டில் இருக்கும் நேரம் இவை எல்லாவற்றையும் சேர்த்த நேரம்.

வேகம் மாறினால் நேரம் எப்படி மாறும் என்பதற்கு நமது நாட்டிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1943 முதல் 1945 வரை, காலிக்கு அருகில் உள்ள கொக்கலை வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு கற்றலீனா என்னும் கடல் விமானங்கள் ஓடின. தூரம் 5,500 கிலோமீற்றருக்கு மேல். இடையில் எங்கும் நிற்பதில்லை. அதற்கு 27 முதல் 33 மணி நேரம் வரை எடுத்தது. அந்த விமானத்தில் போனவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்டார்கள். அதனால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயப் பயணம்' என்றே பெயர் வந்தது. 5,600 ஐ 28 ஆல் பிரித்துப் பாருங்கள். மணிக்கு 200 கிலோமீற்றர். இன்றைய விமானத்தின் வேகத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

3. போக நேரம் கூட, வர நேரம் குறைய

டுபாய்க்குப் போய் வந்தவர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். "போகும்போது அஞ்சு மணி நேரம் மாதிரி இருந்திச்சு, வரும்போது நாலு மணி நேரத்துல வந்துட்டோம்" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. தூரம் ஒன்றுதான். நேரம்தான் வேறு.

பூமி சுற்றுவதால்தான் இப்படி என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிழை. ஓடும் கோச்சியில் உட்கார்ந்து ஒரு தோடம்பழத்தை மேலே எறிந்து பாருங்கள். அது பின்னால் இருப்பவர் மடியில் விழாது, உங்கள் கைக்கே வரும். கோச்சியோடு சேர்ந்து பழமும் ஓடுவதே காரணம். அதேபோல் பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, அதில் பறக்கும் விமானமும் சுற்றுகிறது.

உண்மையான காரணம் காற்று. விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், அரபு நாடுகளின் பக்கத்தில், குறிப்பாக நவம்பர் முதல் மார்ச் வரை மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலமான காற்று அடிக்கும். போகும்போது அது முகத்தில் அடிக்கும் காற்று. வரும்போது முதுகைத் தள்ளும் காற்று. ஆடி மாதக் காற்றில் கூடையோடு மலை ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு கணக்கு: காற்று இல்லாதபோது விமானத்தின் வேகம் 880, காற்றின் வேகம் 60 என்று வைப்போம். போகும்போது 880 இலிருந்து 60 ஐக் கழித்தால் 820. வரும்போது 60 ஐக் கூட்டினால் 940. 3,300 கிலோமீற்றரை 820 ஆல் பிரித்தால் ஏறத்தாழ நாலு மணி நேரம். 940 ஆல் பிரித்தால் மூன்றரை மணி நேரம். காற்றினால் மட்டும் அரை மணி நேரம் வித்தியாசம். காற்று நாளுக்கு நாள் மாறும் என்பதால் பயண நேரமும் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். யுத்தம் போன்ற காரணங்களால் ஒரு நாடு தன் வான்வழியை மூடினாலும் விமானம் சுற்றிப் போகவேண்டி வரும், அல்லது தாமதமாகும். 2025 ஜூன் மாதத்தில் கட்டார் தன் வான்வழியைத் தற்காலிகமாக மூடியபோது பல விமானங்கள் வழி மாறிப் போயின. அப்படியான நாளில் விமானம் வரப் பிந்தினால் வீட்டில் இருப்பவர்கள் உடனே பயந்துவிடக் கூடாது.

4. இங்கே ஒரு நேரம், அங்கே ஒரு நேரம்

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி நேரம் எடுக்கிறது. முழுச் சுற்று 360 பாகை. எனவே ஒரு மணிக்கு 15 பாகை, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். நமக்கு மேற்கே உள்ள ஊர்களுக்குச் சூரியன் நமக்குப் பிறகுதான் உதிக்கும். அதனால் அவர்கள் கடிகாரம் நமக்குப் பின்னால் இருக்கும்.

இலங்கையின் கடிகாரம் கிழக்கு 82½ பாகை நெடுங்கோட்டை வைத்துக் கணிக்கப்படுகிறது. டுபாயின் கடிகாரம் கிழக்கு 60 பாகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. வித்தியாசம் 22½ பாகை. அதை 4 நிமிடத்தால் பெருக்கினால் 90 நிமிடம். ஆகவே நம்ம நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தால் டுபாய் நேரம்.

நமது நேரத்திலிருந்து கழிக்க வேண்டியவை:

டுபாய், அபுதாபி, ஓமான் – 1½ மணி
சவூதி அரேபியா, குவைத், கட்டார், பஹ்ரேன், ஜோர்தான் – 2½ மணி
லெபனான் – குளிர்காலத்தில் 3½ மணி, கோடைகாலத்தில் 2½ மணி (அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள்)

வயதானவர்கள் சிலர் "டுபாய்க்கு ரெண்டு மணித்தியால வித்தியாசம்" என்று இன்னும் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வதும் ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. 1996 இல் மின்சாரத் தட்டுப்பாட்டின்போது இலங்கையில் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டது. அந்த ஆண்டு ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை நாம் வழமையான நேரத்தை விட அரை மணி முன்னால் இருந்தோம். 2006 சித்திரைப் புத்தாண்டோடு பழைய நேரத்துக்குத் திரும்பினோம். ஆகவே அந்தப் பத்து வருடத்தில் போய் வந்தவர்களின் கணக்கு இப்போது பொருந்தாது.

இந்த வித்தியாசம் தெரியாததால் வரும் மனக்கசப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. குவைத்தில் வீட்டு வேலை பார்க்கும் தாய் "ராத்திரி ஒன்பது மணிக்கு எடுக்கிறேன்" என்கிறார். பிள்ளைகள் இங்கே ஒன்பது மணிக்குப் போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து மணியாகியும் அழைப்பு வரவில்லை. "அம்மாவுக்கு நம்ம நினைப்பே இல்லை" என்று அழுதபடி படுத்துவிடுகிறார்கள். அங்கே ஒன்பது ஆகும்போது இங்கே பதினொன்றரை. தாய் வேலை முடித்து ஆசையோடு எடுக்கும்போது யாரும் பதில் சொல்வதில்லை. அவரும் அங்கே அழுகிறார். இதில் குற்றம் யாரிடமும் இல்லை. குற்றம் இரண்டரை மணி நேரத்தில் இருக்கிறது. எனவே நேரம் பேசும்போதெல்லாம் "நம்ம நேரமா, அங்குள்ள நேரமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ஏழு கன்னியர் மலை சொல்லும் பாடம்

இப்போது, தூரமும் நேரமும் பிழைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெரியவர்கள் இதை நேரில் கண்டவர்கள்.

1974 டிசம்பர் 4 ஆம் திகதி. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஒரு டீ.சி. 8 விமானம் ஜித்தாவுக்குப் புறப்பட்டது. அது நெதர்லாந்து நாட்டு மார்டின்எயார் நிறுவனத்தின் விமானம். இடையில் கட்டுநாயக்கவில் இறங்கிப் போவதாக ஏற்பாடு. யாத்திரிகர்கள் 182 பேர், விமானத்தில் பணி செய்தவர்கள் 9 பேர். மொத்தம் 191 பேர்.

நாம் படித்த கணக்கை இதில் போட்டுப் பார்ப்போம். சுரபாயாவுக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் சுமார் 4,000 கிலோமீற்றர். சுரபாயா நமக்குக் கிழக்கே இருப்பதால் அதன் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். விமானம் அங்கே மாலை ஏழு மணியளவில் புறப்பட்டது. அப்போது இங்கே மாலை ஐந்தரை. நமது நேரப்படி இரவு பத்து மணி தாண்டியபோது அது நமது மலைநாட்டுக்கு மேல் வந்துவிட்டது. அதாவது ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் கிட்டத்தட்ட முழுத் தூரத்தையும் கடந்துவிட்டது. மிச்சம் இருந்தது நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீற்றர்.

ஆனால் விமானிகள் தாங்கள் இருந்த இடத்தைத் தவறாக நிதானித்துவிட்டார்கள். விமான நிலையத்துக்கு உண்மையில் இருந்ததை விடக் கிட்ட வந்துவிட்டதாக எண்ணிப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். விசாரணையிலும் இதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. கீழே கட்டுநாயக்கவின் சமவெளி இருக்கவில்லை. இருட்டில் இருந்தது நமது ஏழு கன்னியர் மலை. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் விமானம் மோதியது. ஒருவரும் தப்பவில்லை. நோட்டன் பிரிட்ஜில் அதற்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பஸ்ஸில் போகும் பிள்ளைகள் பலர் அது என்னவென்று தெரியாமலே போகிறார்கள். பெற்றோர் நிறுத்திக் காட்டிச் சொல்ல வேண்டும்.

ஒரு நிமிடத்துக்கு 14 கிலோமீற்றர் என்று முன்னே சொன்னோம் அல்லவா? 75 ஐ 14 ஆல் பிரித்தால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். இறங்கும்போது வேகம் குறைவதால் இன்னும் சில நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளலாம். 4,000 கிலோமீற்றர் பயணத்தில் அந்தச் சில நிமிடத் தூரம்தான் பிழைத்தது. அந்த யாத்திரிகர்களுக்காக வீட்டில் காத்திருந்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் நாம் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

6. டிக்கட்டை வாசிக்கும் முறை

விமானி செய்யும் கணக்கு நம் கையில் இல்லை. ஆனால் நம் கையில் உள்ள கணக்கு ஒன்று உண்டு. அது டிக்கட்டில் உள்ள நேரம். இதற்கு நாலு விதிகள்.

முதல் விதி: டிக்கட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம்.

இரண்டாம் விதி: நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். 18:30 என்றால் மாலை ஆறரை. 12 ஐக் கழித்துப் பாருங்கள்.

மூன்றாம் விதி: பயண நேரம் அறிய, மேற்கே போகும்போது கடிகார வித்தியாசத்தைக் கூட்டுங்கள். திரும்பி வரும்போது கழியுங்கள். உதாரணமாக, கட்டுநாயக்க 18:30, டுபாய் 21:45 என்று இருந்தால், மேலோட்டமாக 3 மணி 15 நிமிடம். அதோடு 1 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் 4 மணி 45 நிமிடம். இதுவே உண்மையான பயண நேரம். திரும்பும்போது டுபாய் 02:30, கட்டுநாயக்க 08:15 என்று இருந்தால், மேலோட்டமாக 5 மணி 45 நிமிடம். ஒன்றரை மணியைக் கழித்தால் 4 மணி 15 நிமிடம். (இவை கணக்குக்காக எடுத்த நேரங்கள். உங்கள் டிக்கட்டில் உள்ளதையே பாருங்கள்.)

நாலாம் விதி மிக முக்கியம். இரவு 12 மணிக்குப் பிறகு திகதி மாறிவிடும். 00:40 என்றால் நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம்.

நமது வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஒரு சகோதரிக்கு 15 ஆம் திகதி 00:40 க்கு விமானம். டிக்கட்டில் 15 என்று இருந்ததால் 15 ஆம் திகதி பகல் கோயிலில் பூசை வைத்து, சொந்தபந்தமெல்லாம் வந்து வழியனுப்ப, வேன் பிடித்துக் கட்டுநாயக்கவுக்குப் போனார்கள். அங்கே வாசலில் டிக்கட்டைப் பார்த்தவர் "இது நேற்று ராத்திரி போன பிளைட்" என்றார். அவர்கள் 14 ஆம் திகதி இரவே அங்கே இருந்திருக்க வேண்டும். வேன் காசு போனது, டிக்கட் காசு போனது, தோட்டை அடகு வைத்து எடுத்த பணம் வட்டியோடு நின்றது. அந்தச் சகோதரி படிக்காதவர் அல்ல. எட்டாம் ஆண்டு வரை படித்தவர். அவருடைய டிக்கட் நமது மேசைக்கும் ஒரு முறை வந்தது. நாம் பெயரையும் கடவுச்சீட்டு இலக்கத்தையும் சரிபார்த்துக் கொடுத்தோமே ஒழிய, "எந்த ராத்திரி போகிறீர்கள்?" என்று கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

7. லயத்து வாசலிலிருந்து கணக்குப் பார்ப்போம்

பயணக் கணக்கைப் பின்னாலிருந்து முன்னாகப் போடவேண்டும். 18:30 க்கு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்பாக, அதாவது பிற்பகல் 3.30 க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மஸ்கெலியாவிலிருந்து பாதை வழியே ஐந்து மணி நேரம். வாகன நெரிசலுக்கும், மழைக்காலத்தில் கினிகத்தேனை, கித்துல்கலப் பக்கம் மண் சரிந்தால் நிற்பதற்கும் இரண்டரை மணி நேரம் கூட வையுங்கள். ஆகவே காலை எட்டு மணிக்கு வாசலை விட்டு இறங்க வேண்டும்.

டுபாயில் இரவு 9.45 க்கு இறங்கும்போது இங்கே 11.15. காலை எட்டிலிருந்து கணக்கிட்டால் 15 மணி 15 நிமிடம். இதில் விமானப் பயணம் ஐந்து மணி நேரம்கூட இல்லை. 3,300 கிலோமீற்றரை வானத்தில் கடக்கும் நேரமும், நமது 150 கிலோமீற்றரைத் தரையில் கடக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே.

நமது முன்னோர் கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியாக மாத்தளைக்கு நாள் கணக்கில் நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பலர். போன மகனிடமிருந்து செய்தி வரும் என்ற நிச்சயமும் இருக்கவில்லை. அதோடு பார்த்தால் இன்று டுபாய் பக்கத்து ஊர்தான்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். வீட்டில் ஒரு துக்கம் நடந்தால் "நாலு மணி நேரம்தானே, அம்மா ஏன் வரவில்லை?" என்று சிலர் பேசுகிறார்கள். விமானத்துக்குத்தான் நாலு மணி நேரம். வேலை கொடுத்தவர் விடுப்புத் தரவேண்டும், கடவுச்சீட்டு கைக்கு வரவேண்டும், டிக்கட்டுக்குப் பணமும் விமானத்தில் இடமும் கிடைக்க வேண்டும். இவற்றுக்கு நாட்கள் போகும். ஆகவே புறப்படும் முன்பே ஒப்பந்தத்தில் விடுப்புப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், டிக்கட் ஆகியவற்றின் பிரதியை வீட்டில் வையுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். டிக்கட் கைக்கு வந்த அன்றே நமது அலுவலகத்துக்கு வாருங்கள். எந்த நாள், எந்த நேரம் வாசலை விட்டு இறங்க வேண்டும் என்பதைச் சேர்ந்து கணக்குப் பார்த்து எழுதித் தருவோம்.

பயிற்சி

பிள்ளைகள் முதலில் செய்து பார்த்து, பிறகு வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு விளக்குங்கள்.

(அ) குவைத்தில் மாலை 6.30 என்றால் மஸ்கெலியாவில் எத்தனை மணி?

(ஆ) ஒரு விமானம் கட்டுநாயக்கவிலிருந்து 19:10 க்குப் புறப்பட்டு ரியாத்தில் 22:20 க்கு இறங்குகிறது. பயண நேரம் எவ்வளவு?

(இ) செவ்வாய்க்கிழமை 02:15 க்கு விமானம். மூன்று மணி நேரம் முன்பாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பாதைக்கு ஏழு மணி நேரம் ஒதுக்கினால், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு மஸ்கெலியாவிலிருந்து புறப்பட வேண்டும்?

விடைகள்: (அ) இரவு 9.00. (ஆ) 5 மணி 40 நிமிடம். (இ) திங்கட்கிழமை பிற்பகல் 4.15.

மூன்றாவது கணக்கைச் சரியாகச் செய்த பிள்ளை உள்ள வீட்டில் யாரும் பயணத்தைத் தவறவிட மாட்டார்கள்.

இனி "டுபாய் எவ்வளவு தூரம்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "கட்டுநாயக்கவிலிருந்து மூவாயிரத்து முந்நூறு கிலோமீற்றர். பிளேனில் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். இப்போது நமக்கு இரவு எட்டு மணி, அம்மாவுக்கு ஆறரை மணி. அவர் இன்னும் வேலையில் இருப்பார். நம்ம நேரம் பத்தரைக்கு அவருக்கு ஒன்பது ஆகும். அப்போது பேசலாம்." பிள்ளைக்கு அதுவரை விழித்திருக்க முடியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச நேரம் கேட்டு வையுங்கள்.